போருக்குப் பின் பெண்களின் உரிமை வலையமைப்பு: அது என்ன, எப்படி வேலை செய்கிறது?

இலங்கையின் வடக்கில் வாழும் ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடந்த போரின் இறுதி நாட்களில், 2009 மே மாதம், முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தபோது அவருடைய கணவர் படையினரிடம் சரணடைந்தார். அதன் பிறகு எந்தத் தகவலும் இல்லை. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காகத் தன் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்க நினைக்கிறார். காணி அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் வடக்குத் தமிழருக்குப் பொருந்தும் தேசவழமைச் சட்டப்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். சம்மதம் தர வேண்டியவர் எங்கே இருக்கிறார் என்று யாரும் சொல்வதாக இல்லை. கணவரின் இருப்பிடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அனுமதி பெறலாம் என்று சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அதற்குச் சட்டத்தரணி வேண்டும், கட்டணம் வேண்டும், நாட்கூலியை இழந்து தவணைக்குத் தவணை நீதிமன்றம் ஏற வேண்டும். "மரணச் சான்றிதழ் எடுத்துவிடுங்கள், எல்லாம் சுலபமாகிவிடும்" என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். உயிரோடு இருக்கிறார் என்று தான் நம்பும் ஒருவர் இறந்துவிட்டதாக அந்தப் பெண்ணே கையொப்பமிட வேண்டும்.

இவர் குறிப்பிட்ட ஒரு மனிதர் அல்லர். இந்த நிலையில் இருந்த, இன்றும் இருக்கிற ஏராளமான பெண்களின் பொதுச் சாயல். இவருடைய சிக்கலை மூன்று விதமாக அணுகலாம். உறவினர் ஒருவர் பணம் கொடுத்து உதவலாம், அது உதவி. ஒரு தொண்டு நிறுவனம் சட்டத்தரணியை ஏற்பாடு செய்து இவருக்காக மனுப் போடலாம், அது சேவை. மூன்றாவது வழியில், இதே சிக்கலோடு அடுத்த கிராமத்திலும் அடுத்த மாவட்டத்திலும் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், எந்த விதி அவர்களை மறிக்கிறது, அந்த விதியை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பலர் சேர்ந்து தேடிப் போகிறார்கள். பெண்களுக்காகப் பரிந்துபேசும் வலையமைப்பு என்று சொல்வது இந்த மூன்றாவது வேலையைச் செய்பவர்களைத்தான்.

உதவியும் சேவையும் தாழ்ந்தவை என்று யாரும் எண்ண வேண்டாம். சாப்பாட்டுக்கு வழியில்லாத பெண்ணிடம் சட்டத் திருத்தம் பற்றிப் பேசுவது கொடுமை. நல்ல வலையமைப்புகள் மூன்றையும் சேர்த்தே செய்கின்றன. ஆனால் முதல் இரண்டோடு நின்றுவிட்டால், இன்று ஒருவர் தப்புகிறார், நாளை இன்னொருவர் அதே கதவில் முட்டுகிறார்.

அமைப்புக்கும் வலையமைப்புக்கும் என்ன வேறுபாடு?

அமைப்பு என்றால் அதற்கு ஓர் அலுவலகம், பதிவு, நிர்வாகக் குழு எல்லாம் இருக்கும். வலையமைப்பு என்பது பல அமைப்புகளும் தனிநபர்களும் தத்தம் தனித்தன்மையை விடாமல் ஒரு நோக்கத்துக்காகத் தொடுத்துக்கொள்ளும் உறவு. கிராமத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மாவட்டத்தில் ஒரு பெண்கள் அமைப்பு, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு சட்டத்தரணி, பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர், கொழும்பில் ஓர் ஆய்வு நிலையம். இவர்களில் எவரும் மற்றவருக்கு மேலதிகாரி அல்லர். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு இடையிலான ஒப்பந்தம்.

போருக்குப் பிந்திய சமூகத்தில் இந்த வடிவம் வசதியாக இருப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. போர் எல்லாரையும் பிரித்துப் போடுகிறது. முகாம்கள், இடம்பெயர்வு, மூடப்பட்ட வீதிகள், ஒருவர் மேல் ஒருவருக்கு உள்ள சந்தேகம் எல்லாம் சேர்ந்து மனிதர்களைத் தீவுகளாக்கிவிடுகின்றன. மன்னாரில் நடப்பது முல்லைத்தீவுக்குத் தெரியாது. ஒரு பெண் தனக்கு மட்டுமே இது நடந்தது என்று நினைத்து வெட்கப்பட்டு வாய் மூடியிருப்பார். பத்துக் கிராமங்களில் பத்துப் பெண்கள் அதே வெட்கத்தோடு இருக்கிறார்கள் என்பது தெரிய வரும்போதுதான் அது ஒரு பொதுப் பிரச்சினை என்று பிடிபடுகிறது. இன்னொரு காரணம் பாதுகாப்பு. தனி ஓர் அமைப்பை மிரட்டி மூடுவது எளிது. பல மாவட்டங்களில் பரவியிருக்கும் தொடர்பை அப்படி மூட முடியாது.

துப்பாக்கி ஓய்ந்த பிறகு தொடங்குபவை

போர் முடிந்தால் பெண்களின் துன்பமும் முடிந்துவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் இயல்பாக எண்ணுகிறார்கள். 2010 இல் இலங்கை அரசே வெளியிட்ட கணக்கின்படி போரால் கணவரை இழந்த பெண்கள் கிழக்கில் 49,000 பேர், வடக்கில் 40,000 பேர். கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்கள், தடுப்பில் இருந்தவர்களின் மனைவியர், ஊனமுற்ற கணவரைச் சுமந்தவர்கள் ஆகியோரையும் சேர்த்துத்தான் அங்கே 'பெண் தலைமைத்துவக் குடும்பங்கள்' என்று சொல்கிறார்கள். உழைத்ததும் முடிவெடுத்ததும் பெண்தான். ஆனால் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் ஆணின் பெயரைத் தேடும் அலுவலகப் பழக்கம் போகவில்லை.

வடக்கின் பெருநிலப் பகுதியான வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகளைப் பாருங்கள். அவை அரச காணிகள். 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமாகக் கொடுக்கப்பட்டவை. அனுமதிப்பத்திரம் பெற்றவர் வாரிசைக் குறிப்பிடாமல் இறந்தால் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை என்று அந்தச் சட்டத்தின் அட்டவணை சொல்லிவந்தது. போரில் ஆண்கள் திடீரென்று இறந்தார்கள், காணாமற்போனார்கள். வாரிசை நியமித்துவிட்டுச் செல்ல யாருக்கு நேரம் இருந்தது? அந்தப் பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022 இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மகளாகப் பிறந்த ஒரே காரணத்துக்காகப் பின்னுக்குத் தள்ளப்பட்டவர்களை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

இவற்றோடு இராணுவ முகாம்கள் ஊருக்குள்ளேயே இருந்தன. தனியாக வாழும் பெண்ணின் வீட்டுக்கு விசாரணை என்ற பெயரில் சீருடையில் வருபவர்கள் இருந்தார்கள். முன்னாள் போராளிப் பெண்களை அரசு கண்காணித்தது, ஊர் ஒதுக்கியது. மது, குடும்ப வன்முறை, இளவயதுத் திருமணம் எல்லாம் கூடின. போர்க்காலத்தில் மிதிவண்டி ஓட்டி, வயல் செய்து, சோதனைச் சாவடி தாண்டிப் பிள்ளைகளைக் காப்பாற்றிய பெண்ணிடம், அமைதி வந்த பிறகு "இனி வீட்டோடு இரு" என்று சமூகம் சொல்லத் தொடங்கும். இது இலங்கைக்கு மட்டும் உரிய குணம் அல்ல. போர் முடிந்த நாடுகள் பலவற்றில் இதே குரல் கேட்டிருக்கிறது.

இவை திடீரென்று முளைத்தவை அல்ல

2009 க்குப் பிறகு வெளிநாட்டுப் பணத்தோடு வந்து இறங்கியவைதான் பெண்கள் அமைப்புகள் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1984 இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர்கள் கூட்டமாகக் கைது செய்யப்பட்டபோது தாய்மார் திரண்டு மாவட்ட நிர்வாகத்தின் தலைவரான அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். அன்னையர் முன்னணி அப்படித்தான் பிறந்தது. இரண்டு ஆண்டுகளில் மட்டக்களப்பிலும் அதே பெயரில் தாய்மார் அணிதிரண்டார்கள். தெற்கில் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சி அடக்கப்பட்டபோது காணாமற்போன சிங்கள இளைஞர்களின் தாய்மாரும் 1990 இல் ஓர் அன்னையர் முன்னணியைத் தொடங்கினார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஆதரவற்ற பெண்களுக்காக இயங்கிய பூரணி இல்லத்தோடு தொடர்புடையவர்களில் ஒருவர் ராஜினி திரணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த மருத்துவர். எந்தத் தரப்பின் வன்முறையையும் மறைக்காமல் பதிவு செய்தார். 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 களின் தொடக்கத்தில் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பு முகாம்களில் தங்கியிருந்த பெண்களோடு தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் பின்னர் மட்டக்களப்புக்கே சென்று வேரூன்றியது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தில் முகாம்களில் வாழ்ந்தார்கள். அங்கேயும் முஸ்லிம் பெண்கள் தமக்கென அமைப்புகளைக் கட்டினார்கள்.

இந்தத் தொடர்ச்சியை அறிந்தால்தான் 2009 க்குப் பிறகு நடந்தது புரியும். 2010 அளவில் வடக்கு கிழக்கின் தமிழ், முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் சேர்ந்து மகளிர் செயற்பாட்டு வலையமைப்பாக இயங்கத் தொடங்கியபோது, அவர்களிடம் ஏற்கெனவே இருபது ஆண்டுப் பழக்கம் இருந்தது. ஒன்று சொல்லியாக வேண்டும்: தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒரே மேசையில் அமர்வது அங்கே சின்ன விஷயம் அல்ல. வெளியேற்றமும், பள்ளிவாசல் படுகொலைகளும், அதன் பின்னான பழிவாங்கல்களும் இரு சமூகங்களுக்கும் நடுவே கிடந்தன. அவற்றைப் பேசாமல் தவிர்த்துவிட்டு ஒற்றுமை காண முடியாது என்பதைப் பல அமர்வுகளில் அழுதும் கோபப்பட்டும் அந்தப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு பெண்ணின் வார்த்தை எப்படிச் சட்டமாகிறது?

முதல் கண்ணி கிராமத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பெண், பெரும்பாலும் அதே நிலையை அனுபவித்தவர், மற்றவர்களின் வீட்டுக்குப் போகிறார், கேட்கிறார். இவருக்குச் சம்பளம் குறைவு அல்லது இல்லை. ஆனால் முழு வலையமைப்பும் நிற்பது இவர்மேல்தான். மனந்திறந்து பேசப்படுவது இவரிடம் மட்டும். கொழும்பிலிருந்து வாகனத்தில் வருபவரிடம் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள்.

அடுத்து வருவது பதிவு. நடந்தது என்ன, எந்தத் திகதி, எந்த அலுவலகம் என்ன பதில் சொன்னது என்பவை எழுதப்படுகின்றன. இங்கே ஒரு விதி எல்லாவற்றுக்கும் மேலானது: பெண்ணின் சம்மதம் இல்லாமல் அவர் பெயரோ அடையாளமோ வெளியே போகக்கூடாது. பாலியல் வன்முறை தொடர்பான பதிவுகளில் இந்த விதி மீறப்பட்டால், நடந்த குற்றத்தைவிட அந்த மீறலே அந்தப் பெண்ணின் வாழ்வை அழித்துவிடக்கூடும். சம்மதம் ஒரு முறை வாங்கியதோடு முடிவதும் இல்லை. நேற்றுச் சரி என்றவர் இன்று வேண்டாம் என்றால் அதோடு நிறுத்த வேண்டும்.

பதிவுகள் சேர்ந்ததும் அவற்றில் பொதுவாக மீண்டும் மீண்டும் தென்படுவது என்ன என்று பார்க்கிறார்கள். தொடக்கத்தில் சொன்ன பெண்ணிடமே திரும்புவோம். 2010 இல் இலங்கை ஒரு தற்காலிகச் சட்டம் கொண்டு வந்தது. மோதலால் காணாமற்போய் ஓராண்டு கடந்தவர்களின் மரணத்தைப் பதிவு செய்ய அது வழி செய்தது. அரசின் பார்வையில் அது நிர்வாக வசதி. பல மனைவியருக்கும் தாய்மாருக்கும் அது தேடுவதை விட்டுவிடு என்ற கட்டளையாகக் கேட்டது. மரணச் சான்றிதழ் எடுத்தால் நட்டஈடு, எடுக்காவிட்டால் ஒன்றும் இல்லை என்ற நிலையைக் கிராமங்களில் இருந்த பெண்கள் சொல்லச் சொல்ல, மாவட்ட அமைப்புகள் எழுதின, சட்டம் தெரிந்தவர்கள் வேறு நாடுகளில் என்ன வழி இருக்கிறது என்று தேடினார்கள். இறந்ததாக அறிவிக்காமல், ஆளில்லை என்பதை மட்டும் அரசு ஒப்புக்கொள்ளும் ஒரு சான்றிதழ் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 2016 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமைக்கான சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. சொத்தைப் பராமரிக்கவும் சமூக நல உதவிகளைப் பெறவும் அது பயன்படுகிறது.

வெற்றி என்று இதை எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்தச் சான்றிதழையும் வாங்க மறுத்த தாய்மார் பலர் உண்டு. "காகிதம் வேண்டாம், பிள்ளை எங்கே?" என்பதே அவர்களுடைய கேள்வி. அது நியாயமான கேள்வி. ஒரே கோரிக்கைக்குள் எல்லாப் பெண்களையும் அடக்க முடியாது. வாங்க விரும்புகிறவருக்குச் சான்றிதழையும், மறுக்கிறவருக்கு மறுக்கும் உரிமையையும் ஒருசேரக் காப்பது வலையமைப்பின் கடமை.

நீதிமன்றத்தில் உடன் நிற்பது

சட்டத்தை மாற்றுவது ஒரு பக்கம் என்றால், இருக்கிற சட்டத்தை அமலாக்க வைப்பது இன்னொரு பக்கம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. நீதிவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்துப் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அது 12 மாதம் வரை செல்லும். சட்டப் புத்தகத்தில் இது எளிது. நடைமுறையில் அந்தப் பெண் பொலிஸ் நிலையம் போக வேண்டும், தன் மொழியில் முறைப்பாடு எழுதப்படுகிறதா என்று பார்க்க வேண்டும், சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்ட வேண்டும், வழக்குத் தவணை தோறும் கணவரின் உறவினர் கூட்டத்தைக் கடந்து உள்ளே நுழைய வேண்டும். ஒவ்வொரு படியிலும் திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றும். உடன் ஒருவர் இருந்தால் திரும்புவது குறைகிறது. வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவ அரச மருத்துவமனைகளில் இயங்கும் நட்பு நிலையங்கள், பிரதேச செயலகத்தில் இருக்கும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் ஆகிய அரச கதவுகளை அறிந்து, எந்தக் கதவை எப்போது தட்டுவது என்று சொல்வதும் உடன் நிற்பவரின் வேலைதான்.

இதன் கடினமான முகத்தை விசுவமடு வழக்கில் பார்க்கலாம். 2010 ஜூனில் மீள்குடியேறிய பெண்கள் மீது நடந்த பாலியல் வன்முறைக்காக இராணுவத்தினர் நால்வர் மீது வழக்குத் தொடரப்பட்டது. பாதிக்கப்பட்ட பெண்கள் சாட்சிக் கூண்டில் நின்று அடையாளம் காட்டினார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இழுபட்ட வழக்கில், 2015 அக்டோபரில் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் நால்வரையும் குற்றவாளிகளாகக் கண்டு 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. வடக்கில் சீருடைக்காரருக்கு எதிராக ஒரு சாதாரணப் பெண் வெல்ல முடியும் என்பது அன்று பெரிய செய்தி. 2019 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்த ஆண்டுகள் முழுவதும் மிரட்டலுக்கு நடுவே அந்தப் பெண்களுக்குத் துணையாக நின்றவர்கள் பெண்கள் அமைப்பினர்தான். தீர்ப்பு புரட்டப்பட்ட மறுநாளும் அவர்களிடம் போக வேண்டியிருந்தது. செய்தித்தாள்கள் வராத அந்த நாளில் யார் வந்தார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு வலையமைப்பை மதிப்பேன்.

கடனும் காதி நீதிமன்றமும்

போருக்குப் பின் வடக்கு கிழக்கில் சிறு கடன் கொடுக்கும் நுண்நிதி நிறுவனங்கள் வெள்ளமாக நுழைந்தன. வங்கி கேட்கும் பிணையோ அடமானமோ இல்லாத பெண்களுக்குக் குழுக் கடன் கொடுத்தார்கள். குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அயலவர் ஒருவரை ஒருவர் நெருக்கும்படி கட்டப்பட்ட முறை அது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். வசூலிப்பவர் வீட்டு வாசலில் இரவு வரை உட்கார்ந்திருப்பார்; பாலியல் இலஞ்சம் கேட்டவர்களும் உண்டு. தற்கொலைகள் நடந்தன. 2018 இல் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் வெளிநாட்டுக் கடன் பற்றிய சுயாதீன நிபுணர், இத்தகைய கடன்களுக்கு ஆண்டு வட்டி 40 முதல் 220 சதவீதம் வரை இருப்பதைக் குறிப்பிட்டார்.

தொடக்கத்தில் இது "சிக்கனம் தெரியாத பெண்களின்" தனிப்பட்ட குற்றமாகவே பேசப்பட்டது. பெண்கள் கூடி, கடன் புத்தகங்களை விரித்து வைத்து, வட்டியைக் கணக்குப் போட்டபோதுதான் குற்றம் எங்கே இருக்கிறது என்பது வெளிச்சமாயிற்று. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. 2018 இல் அரசு வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட பெண்களின் நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாகவும் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு விதிப்பதாகவும் அறிவித்தது. பலர் அதற்குள் அடங்கவில்லை. 2021 மார்ச் 8 அன்று பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் சிங்களப் பெண்கள். வடக்கிலும் கிழக்கிலும் இருந்து தமிழ், முஸ்லிம் பெண்கள் அவர்களுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். முப்பதாண்டுப் போர் பிரித்து வைத்தவர்களை வட்டிப் பட்டியல் ஒரே பக்கத்தில் நிறுத்தியது.

முஸ்லிம் பெண்களின் போராட்டம் இதைவிட நீண்டது. 1951 இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பெண்ணுக்குக் குறைந்தபட்சத் திருமண வயதை நிர்ணயிக்கவில்லை. ஏனைய சமூகங்களுக்கு 1995 முதல் 18 வயது என்று இருக்கும் பாதுகாப்பு முஸ்லிம் சிறுமிக்கு இல்லாமற்போனது. முஸ்லிம்களின் விவாக, விவாகரத்து வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்தில் நீதிபதியாக ஒரு பெண் வர முடியாது. நீதிமன்றம் போய் இதை அடிப்படை உரிமை மீறல் என்று வாதிடவும் வழியில்லை; ஏனென்றால் அரசியலமைப்பின் 16 ஆம் உறுப்புரை, அதற்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. மிஞ்சியது நாடாளுமன்றம்தான். 2009 இல் அமைக்கப்பட்ட குழு அறிக்கை தர 2018 ஆயிற்று. அதன் பின்னும் இழுபறி. இந்தப் பெண்கள் மதத்துக்கு எதிரிகள் என்று சொந்தச் சமூகத்திலேயே ஏசப்பட்டார்கள். இன்னொரு பக்கம், முஸ்லிம்களைத் தாக்க விரும்பிய பேரினவாதிகள் இதே கோரிக்கையைத் தங்கள் ஆயுதமாக்கப் பார்த்தார்கள். இரண்டுக்கும் இடம் கொடுக்காமல் நிற்பது எவ்வளவு கடினம் என்று வெளியில் இருப்பவர்கள் உணர வேண்டும். தமிழ்ப் பெண்கள் அமைப்புகள் அவர்களுக்குத் துணை நின்றபோது, முன்வரிசையை அவர்களிடமே விட்டது சரியான முடிவு.

உலக அரங்கு எதற்கு?

உள்ளூர்க் கதவுகள் மூடியிருக்கும்போது வெளியிலிருந்து தட்டவும் ஒரு வழி உண்டு. பெண்களுக்கு எதிரான சகலவித பாரபட்சங்களையும் ஒழிக்கும் சமவாயத்தை இலங்கை 1981 இல் ஏற்றது. அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசு ஜெனீவாவில் நிபுணர் குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். அரசு அறிக்கையில் விடுபட்டதைப் பெண்கள் அமைப்புகள் நிழல் அறிக்கையாகத் தனியே அனுப்பலாம். குழு அதைப் படித்து அரசிடம் கேள்வி கேட்கும், பரிந்துரை செய்யும். பரிந்துரைக்குப் பொலிஸ் பலம் கிடையாது. ஆனால் ஊருக்குத் திரும்பி வந்து அமைச்சரிடம், "நீங்கள் ஒப்புக்கொண்டது இது" என்று நீட்ட ஒரு தாள் கிடைக்கிறது.

2000 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 1325 ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. சமாதானப் பேச்சிலும் போருக்குப் பிந்திய மீள்கட்டுமானத்திலும் பெண்கள் பங்கேற்க வேண்டும் என்பதே அதன் சாரம். லைபீரியாவில் 2003 இல் கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்கள் சேர்ந்து தெருவில் அமர்ந்து போரிட்ட தரப்புகளைப் பேச்சு மேசைக்குத் தள்ளினார்கள். அவர்களை வழிநடத்திய லேமா குபோவிக்கு 2011 இல் நோபல் சமாதானப் பரிசில் பங்கு கிடைத்தது. இலங்கை அந்தத் தீர்மானத்துக்கான தன் முதல் தேசியச் செயற்திட்டத்தை 2023 இல்தான் கொண்டு வந்தது.

எங்கே சறுக்குகிறது?

பணம் முதல் இடர். நிதி வழங்குவோர் ஓராண்டு, ஈராண்டுத் திட்டங்களுக்குத்தான் தருகிறார்கள். ஒரு பாலியல் வன்முறை வழக்கு ஐந்து, பத்து ஆண்டு செல்லும். திட்டம் முடிந்ததும் உத்தியோகத்தர் போய்விட்டால் அந்தப் பெண் நடுவழியில் நிற்பார். நிதிக்காக அமைப்புகள் போட்டியிட்டுத் தகவலைப் பகிராமல் மறைக்கும்போது வலையமைப்பு பெயருக்கு மட்டும் எஞ்சும்.

அடுத்தது கண்காணிப்பு. போர் முடிந்த கையோடு வடக்கில் திட்டங்களுக்கு ஜனாதிபதிச் செயலணியின் அனுமதி தேவைப்பட்டது. கட்டடம் கட்ட அனுமதி கிடைத்தது. பெண்களை உட்கார வைத்து மனத்துயரைப் பேச வைக்கும் பணிக்கு அனுமதி பெறுவது பெரும்பாடு. கூட்டம் நடந்தால் யார் வந்தார்கள் என்று விசாரிக்கப் புலனாய்வினர் வருவார்கள்.

மூன்றாவது இடர் உள்ளேயே இருக்கிறது. வலையமைப்பில் யார் பேசுகிறார், யார் தேநீர் ஊற்றுகிறார்? ஆங்கிலம் தெரிந்தவர், படித்தவர், ஆதிக்கச் சாதியினர் மேடையில் இருக்க, மாற்றுத்திறனாளிப் பெண்ணும் முன்னாள் போராளியும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணும் 'பயனாளி' என்ற வரிசையிலேயே நிற்பது பல இடங்களில் நடக்கிறது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அமர்ந்தபோது, வவுனியா, முல்லைத்தீவு எனப் போராட்டம் பரவியபோது, அந்தத் தாய்மார் தாங்களே பேசினார்கள். காணாமற்போனவர்களைத் தேடவென்று அரசு அமைத்த காணாமற்போனோர் அலுவலகத்தை ஏற்பதா மறுப்பதா என்பதில் அவர்களுக்கும் பல பெண்கள் அமைப்புகளுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. அந்த வேறுபாட்டை மறைக்காமல், தாய்மாரின் பந்தலில் போய் அமர்ந்து கேட்ட அமைப்புகளுக்குத்தான் பிறகும் அங்கே இடம் இருந்தது.

இனி என்ன வேலை இருக்கிறது?

உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் 2 சதவீதம்கூட இல்லாத நாடு அது. பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பின் 25 சதவீத ஒதுக்கீடு சட்டமாகி, 2018 பெப்ரவரி தேர்தலில் முதன்முறை நடைமுறைக்கு வந்தபோது அந்த அளவு 20 சதவீதத்தைத் தாண்டியது. கட்சிகள் பெண்களை வட்டாரத்தில் நேரடியாக நிறுத்தாமல், வாக்கு விகிதப்படி இடம் நிரப்பும் மேலதிகப் பட்டியலில் போட்டு ஒப்பேற்றின என்ற குறை இருக்கிறது. ஆனாலும் பிரதேச சபைக்குள் ஒரு பெண் உறுப்பினர் இருந்தால், தெருவிளக்கு இல்லாத ஒழுங்கையைப் பற்றிப் பேச ஒருவர் இருக்கிறார்.

2024 இல் நிறைவேறிய மகளிர் வலுவூட்டல் சட்டம், பெண்களுக்கான தேசிய ஆணைக்குழுவுக்கு வழி செய்கிறது. இப்படி ஓர் ஆணைக்குழு வேண்டும் என்பது பழைய கோரிக்கை. அதில் யார் அமர்கிறார்கள், வடக்கு கிழக்கின் பெண் தமிழிலேயே முறையிட முடியுமா, அதற்குக் கொழும்பு வரை போக வேண்டுமா என்பவை இப்போது கேட்க வேண்டிய கேள்விகள். கணவரின் கையொப்பம் கேட்கும் தேசவழமை விதியும் திருத்தப்பட வேண்டியவற்றின் பட்டியலில் இருக்கிறது. அதைக் கேட்கும் கடிதத்தோடு எத்தனை கிராமங்களின் பெயர் சேர்கிறது என்பது, இந்த மாதம் எத்தனை வீடுகளுக்கு ஒருவர் நடந்து போகிறார் என்பதைப் பொறுத்தது.